உண்ணி இருந்த சுவர்

உண்ணி கடித்து நாய் சாகும் என்று எனக்கு அப்போது தெரியாது. மாட்டுக்கு இருக்கும், ஆட்டுக்கு இருக்கும், நாய்க்கும் இருக்கும். பிடுங்கிப் போட்டால் ஆச்சு. எல்லாரும் அப்படித்தான் இருந்தோம். என் அக்கா அப்படி இருக்கவில்லை. அதைத்தான் எழுதுகிறேன். பள்ளிக்கூடம் அதிகம் போனவன் இல்லை. தெரிந்தபடி எழுதுகிறேன்.

எங்கள் தெரு திருக்காட்டுப்பள்ளிக்குத் தெற்கே, வாய்க்கால் ஓரம். வீடு எங்களுடையது. வீடு நிற்கிற மண் மிராசுதாருடையது. மண் சுவர், கீற்றுக் கூரை. கடைசி வீடு அக்காவுடையது. அதற்கு முந்தினது என்னுடையது. அக்கா வீட்டைத் தாண்டினால் வாய்க்கால் கரை. ஊருக்குள்ளிருந்து யார் வந்தாலும் அந்தக் கரை மேல்தான் வர வேண்டும்.

அக்காவிடம் ஒரு நாய் இருந்தது. செம்பட்டை நிறம். ஒரு காது மடங்கியிருக்கும். பெயர் வைக்கவில்லை. "தோ" என்றால் வரும்.

அந்த வருஷம் கூலித் தகராறு. தை அறுப்பில் பேச்சு முறிந்தது. நாங்கள் மிராசுதார் வயலில் இறங்கவில்லை. அவர்கள் வெளியூர் ஆட்களை இறக்கினார்கள். தெரு முனையில் சங்கத்துக் கொடி நட்டிருந்தோம். கொடியை வெட்ட வருவார்கள் என்று ஒரு பேச்சு. ஆளைத் தூக்க வருவார்கள் என்று ஒரு பேச்சு. ஆம்பிளைகள் முறை வைத்துக் காவல் இருந்தோம். பகலெல்லாம் வேறு ஊரில் வேலை தேடி நடந்த உடம்பு, முறை வைத்தாலும் அசந்துவிடும். நாய் அசராது. தெரிந்தவன் வந்தால் ஒரு குரைப்பு. தெரியாதவன் வந்தால் வேறு குரைப்பு. மிராசுதாரின் நிலபுலன் பார்க்கிற காரியக்காரர் வந்தால் தனிக் குரைப்பு. அவர் செருப்பு கிறீச்சிடும். அது நாய்க்குப் பிடிக்காது. ஆள் கண்ணில் படுவதற்கு முன்னாலேயே தெருவில் யாராவது சொல்வார்கள், "காரியக்காரரு வர்றாரு, சிரிப்பை அடக்குங்கடா" என்று.

தெருவே அந்த நாயை நம்பித் தூங்கியது.

கோடை வந்தது. அறுத்த தரிசில் கிடை போட்டார்கள். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து ஆட்டுக்காரர்கள் மந்தையை ஓட்டி வந்து ராத்திரிக்கு வயலில் அடைப்பார்கள். புழுக்கையும் மூத்திரமும் வயலுக்கு உரம். வருஷா வருஷம் நடப்பதுதான். மந்தையோடு அவர்கள் நாய்களும் வரும். எங்கள் நாய் அங்கே போய்ச் சுற்றிவிட்டு வரும்.

அந்தக் கோடையில் நாய்க்கு உண்ணி கண்டது. சும்மா கண்டதில்லை. காதுக்குள், கழுத்து மடிப்பில், விரல் இடுக்கில், எங்கே தொட்டாலும் கையில் நெருடும். ரத்தம் குடித்தது ஆமணக்கங்கொட்டை மாதிரி உப்பியிருக்கும். குடிக்காதது எள்ளு மாதிரி ஓடும். போதாததற்குத் தெள்ளுப்பூச்சியும் இருந்தது. நாய் சில நேரம் அடுப்புச் சாம்பல் கொட்டுகிற குழியில் படுக்கும், அங்கே ஏறியது.

அக்கா தினமும் வேலை முடிந்து வந்ததும் நாயைக் காலுக்கு நடுவில் கிடத்திக்கொள்வாள். ஒரு சிரட்டையில் மண்ணெண்ணெய். பிடுங்கிப் பிடுங்கி அதில் போடுவாள். நசுக்க மாட்டாள். "நசுக்கினா முட்டை தெறிக்கும்" என்பாள். தலை உடம்பிலேயே தங்கிவிடாமல், தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுப்பாள். கை அப்படி நிதானம். நாற்றுப் பறிக்கிற கை. பிறகு வேப்பெண்ணெய் தடவுவாள். சாம்பல் குழியை அள்ளி வயலில் கொட்டினாள். நாய் படுக்கிற சாக்கை, நெல் அவிக்கிற அண்டாவில் போட்டு வேக வைத்தாள். நான் கேட்டேன்.

"அந்த அண்டாவுலயா நாளைக்கு நெல்லு அவிக்கப் போற?"

"தேய்ச்சுக் கழுவுவேன். ஒனக்கு வேணாம்னா திங்காத."

தெள்ளு போய்விட்டது. உண்ணி போகவில்லை. இன்றைக்குப் பிடுங்கினால் நாளைக்கு அதே அளவு இருக்கும். நாய் மெலிந்தது. கஞ்சியை மோந்துவிட்டுத் திரும்பிப் படுத்தது. ஒரு நாள் கரையில் புது ஆள் ஒருவன் மிதிவண்டி தள்ளிக்கொண்டு வந்தான். நாய் தலையைத் தூக்கியது. குரைக்கவில்லை. தலையைக் கீழே வைத்துக்கொண்டது. வந்தவன் சாணை பிடிக்கிறவன்தான். ஆனால் தெருவில் எல்லாரும் நாயைப் பார்த்தோம்.

அக்கா அதன் உதட்டைத் தூக்கிக் காட்டினாள்.

"ஈறைப் பாருடா. சுண்ணாம்பு மாதிரி வெளுத்துக் கெடக்கு. ரத்தம் இல்ல. இப்படியே போனா ஆடி வரைக்கும் தாங்காது."

அக்காவின் வீட்டுக்காரர், என் மச்சான், நல்ல மனுஷர். அவசரக்காரர். அக்கா நடவுக்கு வெளியூர் போயிருந்த நாளில் அவர் ஒரு வேலை பார்த்தார். பயிருக்குப் பூச்சி விழுந்தால் ஒரு பவுடர் போடுவோம். பழைய வேட்டித் துணியில் அதை மூட்டையாகக் கட்டி, குச்சியால் தட்டிக்கொண்டே காற்றுக்கு முதுகு காட்டி வரப்பில் நடப்போம். தூள் புகையாகப் பயிர் மேல் இறங்கும். மச்சான் நாயை முருங்கை மரத்தில் கட்டி, அதே மாதிரி மூட்டை கட்டி, அதே மாதிரி காற்றுக்கு முதுகு காட்டி நின்று, பயிருக்குத் தட்டுவதுபோலத் தட்டிவிட்டார். நாய் வெள்ளையாகிவிட்டது. அவருக்குத் திருப்தி.

பயிர் தன்னை நக்காது. நாய் நக்கும்.

அக்கா வரும்போது நாய்க்கு உடம்பு உதறிக்கொண்டிருந்தது. வாயில் நுரை. மச்சான் வேப்பெண்ணெய்க் கிண்ணத்தோடு நின்றார். அதையும் தடவினால் தூள் எரிச்சல் அடங்கும் என்று அவர் நினைப்பு.

"எண்ணெய் வேணாம், வச்சிருங்க" என்றாள் அக்கா. "எண்ணெய்ல அது இன்னும் உள்ள எறங்கும். பம்பு செட்டுல மருந்து கலக்குறப்ப சொன்னாங்களே, கையில எண்ணெயோட தொடாதீங்கன்னு."

நாயைத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. பம்பு செட்டுக்கு நடந்துதான் போனாள். வாய்க்காலில் தண்ணீர் இல்லை. பம்பு செட்டுத் தொட்டியில் இருந்து நான் மொண்டு ஊற்றினேன். துணி துவைக்கிற கட்டி சோப்பால் அவள் தேய்த்தாள். சேலைத் தலைப்பை விரலில் சுற்றி நாயின் வாயைத் துடைத்தாள். நுரை வர வரத் துடைத்தாள். தண்ணீர் மாற்றி மாற்றித் தோள் ஓய்ந்தது எனக்கு. அவள் நிமிரவில்லை. பொழுது சாயும்போது உதறல் குறைந்தது. நாய் எழுந்து நின்று, நாலு எட்டு வைத்து, படுத்தது.

மச்சான் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா அவரைத் திட்டவில்லை.

"கையைக் கழுவிட்டு வாங்க. சோறு போடுறேன்" என்றாள். அவ்வளவுதான்.

தெருவில் எல்லாரும் கிடையைத்தான் குறை சொன்னோம். ஆட்டுக்காரன் கொண்டு வந்த உண்ணி, அவனை வேறு வயலுக்குப் போகச் சொல்லணும் என்று நாலு பேர் கிளம்பினார்கள். அக்கா, "இருங்க, நான் கேட்டுட்டு வர்றேன்" என்றாள். நானும் கூடப் போனேன்.

ஆட்டுக்காரர் கம்பை ஊன்றி நின்றார். கறுத்த, உயரமான ஆள். அவர் நாய்கள் இரண்டும் காலடியில் கிடந்தன. அக்கா கேட்காமலே உட்கார்ந்து ஒரு நாயின் காதைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு மற்றதை. ஒன்றிரண்டு இருந்தது. அவ்வளவுதான்.

"ஒங்க நாய்க்கு என்ன மருந்து போடுறீங்க?"

"மருந்தா? எங்களுக்கே மருந்து கெடையாது தாயி."

"பின்ன எப்படி இப்படி இருக்கு?"

அவர் யோசித்தார். "தெரியல. நாங்க ஒரு எடத்துல நாலு ராத்திரி தங்க மாட்டோம். அதுங்களும் தங்காது. வெட்டவெளியில படுக்கும், எந்திரிச்சா வேற வயலு."

அக்கா வரப்பில் வேகமாகத் திரும்பி நடந்தாள். வீட்டுக்கு வந்ததும் நாய் வழக்கமாகப் படுக்கிற இடத்துக்கு நேரே போய்க் குந்தினாள். அது பின்பக்கச் சுவர் ஓரம், நிழல் விழுகிற இடம். உச்சி வெயில். கொஞ்ச நேரம் சுவரையே பார்த்தாள்.

"இங்க வாடா."

போனேன். விரலால் காட்டினாள். ரத்தம் குடித்த ஒரு உண்ணி சுவர் மேல் ஏறிக்கொண்டிருந்தது. மெதுவாக, கனத்த வயிற்றோடு. முழங்கை உயரத்தில் ஒரு வெடிப்பு. அதற்குள் போய்விட்டது. அக்கா கருக்கரிவாள் நுனியால் அந்த வெடிப்பைக் கீறினாள். உள்ளேயிருந்து பொலபொலவென்று கொட்டியது. பெரிசு, சிறிசு, முட்டை, தூள் மாதிரிக் குஞ்சு. எனக்கு உடம்பெல்லாம் ஊறியது.

"நாயில கொஞ்சம்தான்டா இருக்கு" என்றாள் அக்கா. "வீட்டுல இருக்கு. குடிக்கிறதுக்கு எறங்கி வருது. குடிச்சிட்டு வீட்டுக்குப் போவுது. நாம நாயைப் போட்டுத் தேய்ச்சிக்கிட்டு இருக்கோம்."

இத்தனை வருஷம் அந்தச் சுவரில் சாய்ந்து நான் பீடி குடித்திருக்கிறேன். பார்த்ததில்லை.

மருந்து தெரிந்துவிட்டது. சுவரில் இருக்கிற வெடிப்பையெல்லாம் சுத்தம் பண்ணி அடைக்க வேண்டும். ஆனால் அந்தக் கோடையில் அதைச் செய்ய முடியாது.

குடியிருக்கிற மனை குடியிருக்கிறவனுக்கே என்று புது ஆட்சியில் சட்டம் போட்டிருந்தார்கள். டீக்கடை ரேடியோவில் கேட்டோம். தாலுகா ஆபீஸிலிருந்து அளக்க வருவார்கள் என்று சொன்னார்கள். அன்றைக்கே காரியக்காரர் குடையோடு வந்து தெரு நடுவில் நின்று சொல்லிவிட்டுப் போனார்.

"அளந்து முடிக்கிற வரைக்கும் ஒரு கூடை மண்ணு இங்க அசையக் கூடாது. எவனாவது புதுசா செவுரு வச்சான், அது நேத்து வந்த வீடுன்னு நான் எழுதிக் குடுத்துருவேன். அப்புறம் மனையும் இல்ல, ஒண்ணும் இல்ல."

எங்கள் சங்கத்துத் தோழர் பூதலூரிலிருந்து மிதிவண்டியில் வருவார். அவரும் அதையே சொன்னார். "அவன் சாக்கு தேடுறான். நாம குடுக்கக் கூடாது. யாரும் மண்ணைத் தொடாதீங்க." எங்கள் பக்கமும் அதுதான், அவர்கள் பக்கமும் அதுதான். அப்பன் பாட்டன் காலத்திலிருந்து சொந்த மண் என்று ஒரு சாண் எங்களுக்குக் கிடையாது. அதனால் யாரும் தொடவில்லை.

அக்கா தொட வேண்டும் என்றாள். வீட்டில் சண்டை.

"நாய்க்காக மனையை வுடச் சொல்றியா?" என்றார் மச்சான். "இது போனா இன்னொரு குட்டி."

"குட்டி வளர்ந்து ஆளு அடையாளம் தெரியுறதுக்கு ஒரு வருசம் ஆவும். அது வரைக்கும் கரையில யாரு படுக்குறது, நீங்களா? அந்தக் குட்டியும் இந்தச் செவுத்துலதானே படுக்கும்?"

"பொகை போடலாமே. பந்தம் கொளுத்தி வெடிப்புல காட்டினா செத்துடும்."

அக்கா அவரைப் பார்த்தாள். மச்சான் வாயை மூடிக்கொண்டார். கிழக்கே கூலித் தகராறில் குடிசையை ஆளோடு கொளுத்தியதை நாங்கள் எல்லாரும் கேட்டிருந்தோம். அதற்கப்புறம் எங்கள் பக்கம் கீற்றுக்குப் பக்கத்தில் பந்தம் கொண்டுபோக யாருக்கும் கை வராது.

மறுநாள் அக்கா செய்ததை இன்றைக்கு வரைக்கும் நான் யோசித்துப் பார்ப்பதுண்டு. ஒளித்துச் செய்யவில்லை. மாற்றுச் சேலை கட்டிக்கொண்டு நேரே மிராசுதார் வீட்டுக் கொல்லைப் பக்கம் போய் நின்று, காரியக்காரரைக் கூப்பிட்டாள். வேலைக்குப் போகாமல் முரண்டு பிடிக்கிற தெருவிலிருந்து ஒரு பொம்பளை. "எங்க வீட்டுச் செவுத்தை வந்து பாருங்க, ஐயா. பார்த்துட்டுப் போயிடுங்க" என்றாள். முன்னெல்லாம் "ஆண்டே" என்போம். சங்கம் வந்தபின் அது போய்விட்டது. ஐயா மட்டும் மிச்சம்.

அவர் வந்தார். என்னவோ வம்பு கிடைத்தது என்று வந்தார். தோழரையும் அக்கா வரச் சொல்லியிருந்தாள். இரண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் நின்றார்கள். நாய் படுத்திருந்தது. செருப்புச் சத்தத்துக்குத் தொண்டையில் ஏதோ வந்தது. எழுந்திருக்க முடியவில்லை.

"என்னா புள்ள, எந்தச் செவுரு?"

"கிட்ட வாங்க. இன்னும் கிட்ட."

வேட்டியைத் தூக்கிக்கொண்டு குனிந்தார். அக்கா அவர் மூக்குக்கு நேராக ஒரு வெடிப்பை அரிவாளால் கீறினாள். கொட்டியது. அவர் வேட்டி மடிப்பில் விழுந்தது. துள்ளிப் பின்னால் போனார். வேட்டியை உதறினார், குடையால் தட்டினார், மறுபடி உதறினார். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. ஒருத்தரும் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க எவ்வளவு கஷ்டப்பட்டோம் என்பது எங்களுக்குத்தான் தெரியும்.

"இதை அடைக்கப் போறேன்" என்றாள் அக்கா. "செவுத்தை இடிக்கல. ஒசத்தல. நீட்டல. அளவு எடுத்துக்குங்க. வெடிப்புல மட்டும் மண்ணு. நீங்க பார்த்தாச்சு, தோழரும் பார்த்தாச்சு."

"அடைச்சுத் தொலை" என்றார் காரியக்காரர். முதுகைச் சொரிந்துகொண்டே போனார்.

தோழர் அக்காவிடம் கேட்டார், "அவனைக் கூப்புடலாமான்னு என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேம்மா?"

"கேட்டா வேணாம்பீங்க தோழரே."

அவரும் சிரித்துவிட்டார்.

கிளிஞ்சல் சுண்ணாம்பை வாளியில் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் கொதிக்கும். கொதிக்கிறபோதே சிரட்டைக் கரண்டியால் வெடிப்புக்குள் ஊற்றினாள். பிறகு வாய்க்கால் களிமண்ணை வைத்து அடைத்தாள். அது தப்பாகப் போனது. காய்ந்ததும் களிமண் தானே வெடித்தது. பழைய வெடிப்புக்குப் பக்கத்தில் புது வெடிப்பு. அதில் மறுபடி உண்ணி. அக்கா பார்த்தாள். எல்லாவற்றையும் சுரண்டி எடுத்தாள். இந்த முறை ஆற்று மணலும் உமியும் சாணியும் சேர்த்து, ஒரு நாள் புளிக்க வைத்து, மிதித்து, அப்புறம் அடைத்தாள். கீழிருந்து கூரை விளிம்பு வரைக்கும் ஒவ்வொரு கீறலாகப் போனாள். உள்பக்கமும் வெளிப்பக்கமும். நான் சுண்ணாம்பு கொண்டு போய்க் கொடுத்தேன். மச்சான் மண் மிதித்தார். மிதிக்கும்போது, "நாயி வீட்டு மாப்புள்ளை ஆயிட்டேன்" என்றார்.

நாயை அத்தனை நாளும் அக்கா சுவர்ப் பக்கம் விடவில்லை. ஆட்டுக்காரர் சொன்னதுபோல வெட்டவெளியில், ஒரு நாள் களத்தில், ஒரு நாள் தரிசில் படுக்க வைத்தாள். சாக்கைத் தினமும் வெயிலில் உதறினாள். சாயங்காலம் சிரட்டையோடு உட்காருவாள். ஒரு நாள் சிரட்டையில் நாலைந்துதான் கிடந்தது. அதைத் தெருவுக்கே தூக்கிக் காட்டினாள். அவள் பெருமைப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

கருவாட்டுத் தலை வேக வைத்த தண்ணீர், கேழ்வரகுக் கஞ்சி, மச்சான் வலையில் பிடித்த குறவை மீன் என்று நாய்க்குப் போனது. எங்களுக்குப் போனதைவிட நன்றாகவே போனது. ஈறு மெல்லச் சிவந்தது. ஒரு நாள் காலையில் கரைப் பக்கம் அந்தத் தனிக் குரைப்பு கேட்டது. நான் வாயில் வேப்பங்குச்சியோடு அப்படியே நின்றேன். பக்கத்து வீட்டிலிருந்து, "காரியக்காரரு வர்றாரு, சிரிப்பை அடக்குங்கடா" என்று குரல் வந்தது.

அவர்தான். இந்தத் தடவை கிட்ட வரவில்லை. கரை மேலேயே நின்றார்.

"ஏ புள்ள. அங்க நம்ம மாட்டுக் கொட்டாய்லயும் இதேதான். பெரிய நாய் ரெண்டும் சுருண்டு கெடக்கு. வந்து அடைச்சுக் குடுத்துட்டுப் போ."

வேலை நிறுத்தம் முடியவில்லை. எல்லாரும் அக்காவைப் பார்த்தோம்.

"வேலைக்கு வரமாட்டேன், ஐயா" என்றாள். "எப்படின்னு சொல்றேன். ஒங்க ஆளுங்களை வச்சுச் செய்ங்க. வெறும் களிமண்ணு வைக்காதீங்க, வெடிச்சுடும். நான் வச்சுக் கெட்டேன்." மணல் எவ்வளவு, உமி எவ்வளவு, சுண்ணாம்பை எப்போது ஊற்ற வேண்டும் எல்லாம் கரையைப் பார்த்துச் சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை. அவர் ஆட்களுக்குச் சொல்ல வேண்டுமே என்று இரண்டு தரம் சொன்னாள். அவர் தலையாட்டிக்கொண்டு போனார்.

"அந்த வீட்டு நாய்க்கு எதுக்குடி சொன்ன?" என்றார் மச்சான்.

"நாய் என்னா பண்ணிச்சு?"

மழைக்கு முன்னால் அளக்க வந்தார்கள். சங்கிலி பிடிக்க இரண்டு பேர், சர்வேயர், கூட காரியக்காரர். தோழரும் வந்திருந்தார். தெரு முழுக்க அவரவர் வாசலில் நின்றோம். ஒவ்வொரு வீடாக அளந்து கடைசியில் அக்கா வீட்டுக்கு வந்தார்கள். நாய் விடவில்லை. சங்கிலியைப் பார்த்துக் குரைத்தது. சங்கிலி நகர நகரக் கூடவே நகர்ந்து குரைத்தது. அக்கா கழுத்தைப் பிடித்துக்கொண்டாள்.

சர்வேயர் சுவரைத் தடவிப் பார்த்தார். புது மண்ணின் நிறம் பழைய சுவரில் வரி வரியாகத் தெரிந்தது.

"இது புதுசா எழுப்புன செவுரு மாதிரி இருக்கே. எப்ப வச்சது?"

அக்கா காரியக்காரரைப் பார்த்தாள். தோழரும் பார்த்தார். நான் காரியக்காரரின் குடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என்ன சொன்னாலும் எழுதிக்கொள்வார்கள். அந்த ஒரு வார்த்தையில் வீடு போகும்.

காரியக்காரர் தன் வேட்டி மடிப்பை ஒரு தடவை தட்டிவிட்டுக்கொண்டார்.

"பழைய செவுருதான்" என்றார். "உண்ணிக்குப் பூசுனது. நான் இருந்து பார்த்தேன்."

"எதுக்குப் பூசுனது?"

"உண்ணிக்குங்க. நாய் உண்ணி. எங்க கொட்டாய்லயும் பூசியிருக்கு. நல்லா கேக்குது."

சர்வேயர் அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். முளைக்குச்சி அடித்தார்கள். மச்சான் திரும்பி நின்று முகத்தைத் துண்டால் துடைத்தார். வெயில்தான் என்றார்.

அக்கா நாயின் மடங்கிய காதைத் திருப்பிப் பார்த்தாள். உள்ளே விரலை விட்டுத் தடவினாள். ஒன்றும் இல்லை போல. கழுத்தை விட்டாள். நாய் காரியக்காரரின் செருப்புச் சத்தத்துக்குப் பின்னாலேயே, கரை முடிகிற வரைக்கும் குரைத்துக்கொண்டு போனது.